தட்டுக்கு வெட்டாத கேக்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு செயலாளர் தொலைபேசி எடுத்தார். வந்த நாட்டில் உழைத்து முன்னுக்கு வந்த கதையாக இருக்கவேண்டுமாம், இளையவர்களுக்கு ஊக்கம் தரவேண்டுமாம். ஊக்கம் தருகிற மாதிரி என்னிடம் ஒரு கோதாரியும் இல்லை என்று சொன்னேன். நான் வேலை செய்தது மென்பொருள் நிறுவனம் ஒன்றில். அதில் பாதிக்காலம், எந்த மென்பொருளை எப்போது நிறுத்துவது என்று பேசுகிற கூட்டங்களில் கதிரை தேய்த்தே போனது. வேண்டுமானால் அதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அதை ஆர் அன்ரி வாசிப்பினம்?" என்றார். வாசிக்காவிட்டால் போகட்டும். எனக்கு எழுதவேண்டும்.

வெளியே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால், ஒரு நிறுவனம் தன் மென்பொருளை நிறுத்துகிறது என்றால் அதற்கு முன்னால் நாலு படித்தவர்கள் இருந்து ஆராய்ந்து, பாவிக்கிறவர்களைக் கேட்டு, நல்லது கெட்டது பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார்கள் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் கந்தோரில் முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கடைசியில் ஒரு கேக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்தேன். பரமட்டாவில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் பகலெல்லாம் கணினியில் விபரம் பதிகிற வேலை, பின்னேரம் தொழில்நுட்பக் கல்லூரியில் நிரல் எழுதப் படிப்பு. படிப்பு முடிந்த கையோடு என் கணவருக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. மகனின் பள்ளிக்கூடத்துக்காக கிளென் வேவர்லியில் வீடு பார்த்தோம். ரயில் அங்கேதான் தொடங்குகிறது என்பதால் காலையில் இருக்க இடம் கிடைக்கும், அதுவும் ஒரு காரணம். எண்பத்தொன்பதில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மென்பொருள் செய்கிற இடம்.

எனக்குத் தந்தது குசினி. அதாவது மருத்துவமனைச் சமையலறைகளுக்கான மென்பொருள். அதன் ஆங்கிலப் பெயரை விடுங்கள், வீட்டில் நான் அதைத் 'தட்டு' என்றுதான் சொல்வேன். ஒவ்வொருவருக்கும் போகிற சாப்பாட்டுத் தட்டின்மேல் வைக்க ஒரு அட்டை அச்சடிப்பதுதான் அதன் வேலை. யார், எந்தக் கட்டில், உப்புக் குறைவா, சீனி இல்லையா, எது ஒத்துக்கொள்ளாது எல்லாம் அதில் இருக்கும். அட்டையின் தலையில் பெரிய எழுத்தில் இன்னொன்று இருக்கும். பக்கவாதம் வந்தவர்கள், விழுங்கும் தசை தளர்ந்தவர்கள் தண்ணீரையோ தேநீரையோ அப்படியே குடிக்கக்கூடாது. வயிற்றுக்குள் போகவேண்டியது நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு தூளைக் கலந்து தடிப்பாக்கித்தான் கொடுக்கவேண்டும். எவ்வளவு தடிப்பு என்பதை அந்தப் பெரிய எழுத்து சொல்லும்.

தட்டுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தத் தடிப்பு இடம் நிரப்பப்படாமல் இருந்தால் அட்டையை அச்சடிக்காது. நீங்கள் தலைகீழாக நின்றாலும் அடிக்காது. சாதாரணத் தேநீர் குடிக்கக்கூடியவர் என்றால் 'சாதாரணம்' என்று யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து எழுதவேண்டும். வெறுமையாக விட முடியாது. தட்டின் நிரலை அப்படி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. எத்தனையோ தாதிமார் அதற்காக எங்களைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

அதைவிட வேறு குறை தட்டில் இல்லை. பார்க்க அசிங்கம், பச்சை எழுத்துத் திரை. ஆனால் உடைந்ததே இல்லை. குசினியில் இருக்கிற கணினியில் தன் பாட்டில் ஓடும், எங்களிடம் ஒன்றும் கேட்காது. அதுதான் அதற்கு வினையாகப் போனது.

இனி கிரேம். எங்கள் பகுதி மேலாளர். நல்ல மனிதர் என்று சொல்லித்தான் ஆகவேண்டும், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. கையில் எப்போதும் ஒரு கோப்பிக் கோப்பை, பாதிக்கு மேல் ஆறிப்போனது. நீங்கள் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். மறுப்புச் சொன்னால் இன்னும் நன்றாகத் தலையாட்டுவார். "நீங்கள் சொல்வது மிக முக்கியமான விஷயம், பத்மா" என்பார். எழுந்து போய் வெள்ளைப் பலகையில் நீங்கள் சொன்னதை அழகான கையெழுத்தில் எழுதுவார், அடிக்கோடு போடுவார். கூட்டம் முடியும். அடுத்த கூட்டக்காரர் வந்து பலகையைத் துடைப்பார். சரி, அவ்வளவுதான். உங்கள் முக்கியமான விஷயம் துணியோடு போய்விட்டது.

நிறுத்துவதை அவர் ஒருநாளும் நிறுத்துவது என்று சொன்னதில்லை. 'ஓய்வு' என்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் நடக்கும். சுவரில் ஒரு படம், அதில் எங்கள் மென்பொருள் எல்லாம் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். புதிதாக யாராவது வாங்குகிறார்களா, அதைத் தெரிந்த ஆட்கள் கந்தோரில் எத்தனை பேர், உதவிக்கு எத்தனை அழைப்பு வருகிறது, இவைதான் கேள்விகள். சிவப்புக் கூடினால் ஓய்வு. ஓய்வென்று முடிவானால் ஒரு நாள் காலைத் தேநீர் வைப்பார்கள். பத்து மணிக்கு எல்லோரும் சாப்பாட்டறையில் கூடவேண்டும். கரட் கேக். மேலே ஐசிங்கில் அந்த மென்பொருளின் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, முடிந்த ஆண்டு. கிரேம் இரண்டு நிமிடம் பேசுவார். கைதட்டுவோம், சாப்பிடுவோம். அன்று மத்தியானம் வரவேற்பில் இருக்கும் லின்டா எல்லா வாடிக்கையாளருக்கும் கடிதம் அனுப்புவாள், இன்ன திகதியோடு இது முடிகிறது, இனிப் புதியதுக்கு மாறுங்கள் என்று.

நான் அதற்கு அந்தியேட்டிக் கேக் என்று பெயர் வைத்திருந்தேன். வீட்டில் சொல்லிச் சிரிப்போம். செத்தவருக்கு முப்பத்தொன்றாம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு ஊரில் வடை பாயசம், இங்கே கரட் கேக்.

கேக் ஏன் என்றும் சொல்லவேண்டும். ஒருமுறை ஒரு மென்பொருளை ஒரு மின்னஞ்சலோடு நிறுத்திவிட்டார்கள். அதைப் பத்து வருடம் பார்த்து வந்த மனிதர் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், திரும்பி வரவில்லை. அது கிரேமுக்கு நெஞ்சில் குத்திவிட்டது. அதற்குப் பிறகு கேக் இல்லாமல், மரியாதை இல்லாமல் எதையும் ஓய்வுக்கு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டார். மனிதருக்காகச் செய்ததுதான். அதைக் குறை சொல்லமாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புதிய குசினி மென்பொருள் ஒன்று செய்தார்கள். நிறம், படம், சுட்டியால் அமத்தினால் எல்லாம் வரும். அது வந்த அடுத்த கூட்டத்திலேயே தட்டுக்கு எதிரே சிவப்பு. காரணம் கேட்டேன். உதவிக்கு ஒரு அழைப்பும் வருவதில்லையாம். அழைப்பு இல்லை என்றால் யாரும் பாவிக்கவில்லை என்று அர்த்தமாம்.

எனக்கு முதலில் பகிடி என்று பட்டது. குழாய் ஒழுகினால்தானே குழாய்க்காரரைக் கூப்பிடுவோம், ஒழுகவில்லை என்று சொல்ல யார் கூப்பிடுவார் என்று கேட்டேன். மிக முக்கியமான விஷயம் என்றார் கிரேம். 'அழைப்பு இல்லை என்றால் பாவனை இல்லை என்று அர்த்தமில்லை' என்று பலகையில் எழுதினார். அடிக்கோடு. படத்தில் சிவப்பு அப்படியே இருந்தது.

சரி, அழைப்புத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கே ரோஸ்லினைக் கூப்பிட்டேன்.

ரோஸ்லின் ஸ்பிரிங்வேலில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியின் மேற்பார்வையாளர். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழ்ப்பிள்ளை. அந்தக் குசினியில் தட்டைப் பொருத்தப் போனபோது அச்சு இயந்திரம் என் சொல் கேட்கவில்லை, நான் அதைப் பார்த்து வாய்க்குள் திட்டினேன். பக்கத்தில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

வாரத்துக்கு ஒருமுறை உதவிப் பகுதிக்குத் தொலைபேசி எடு என்றேன். என்ன கேட்பது என்று திகைத்தாள். எதையாவது கேள், தாள் எப்படி மாற்றுவது என்று கேள் என்றேன். மற்றக் குசினிகளுக்கும் அப்படியே சொன்னேன். பாவங்கள், சொன்னபடி செய்தார்கள். ரோஸ்லின், கிறிஸ்மஸ் வருகிறது, அட்டையைச் சுற்றி நத்தார்ப் பூ வரைய முடியுமா என்று கேட்டாள். ஜீலோங் பக்கத்துக் குசினிக்காரர் ஒருவருக்கு இது நன்றாகப் பிடித்துவிட்டது. முழங்கால் நோவைப் பற்றியும் உதவிப் பகுதிப் பெடியன்களிடம் கதைக்கத் தொடங்கிவிட்டார். அவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் நிமிர்ந்துகொண்டு போனேன். சுவரைப் பார்த்தேன். தட்டுக்கு எதிரே சிவப்பு.

அழைப்பு மிகவும் கூடிவிட்டதாம். பழைய மென்பொருள், பராமரிக்கச் சிரமம், வாடிக்கையாளர்கள் திணறுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறதாம்.

எனக்கு விசர் வந்தது. கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசியது அந்த ஒரு தடவைதான்.

"கிரேம், போனமுறை அழைப்பு இல்லை என்று சிவப்பு. இந்தமுறை அழைப்பு இருக்கிறது என்று சிவப்பு. பச்சை எங்கே இருக்கிறது? எனக்கு ஒருதடவை காட்டுங்கள்."

கிரேம் ஆறின கோப்பியை ஒரு வாய் குடித்தார். மெதுவாகத் தலையாட்டினார். நல்ல கேள்வி என்றார். எழுந்து போய்ப் பலகையில் 'பச்சை எங்கே?' என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஐயோ கடவுளே, இந்த மனிதரோடு நான் என்ன செய்ய?

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, மாறத்தான் வேண்டுமென்றால் புதியதையாவது நன்றாகப் பார்ப்போம் என்று இறங்கினேன். ரோஸ்லினின் குசினி விபரம் முழுவதையும் புதிய மென்பொருளில் ஏற்றிப் பரிசோதித்தேன். எல்லா அட்டையும் வந்தது. எல்லாம் வந்ததே என்றுதான் எனக்குச் சந்தேகம். விபரத்தை ஏற்றும்போது தடிப்பு எழுதாத ஒரு ஆளை வேண்டுமென்றே சேர்த்திருந்தேன். அவருக்கும் அழகான நிறத்தில் அட்டை வந்திருந்தது. தலையில் பெரிய எழுத்தில் 'சாதாரணம்' என்று இருந்தது.

வெறுமையாக விட்டால் புதிய மென்பொருள் தானாகவே 'சாதாரணம்' என்று போட்டுவிடும். யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல எழுதிவிடும்.

ஓடிப்போய்க் கிரேமிடம் காட்டினேன். அவருக்கு விளங்கியது, விளங்காமல் இல்லை. ஆனால் செய்துகாட்டப் போன இடங்களில் அட்டை வராமல் நின்றது பார்த்தவர்களுக்கு எரிச்சலாக இருந்ததாம், அதனால்தான் அப்படி மாற்றினார்களாம். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். அடுத்த பதிப்பு எப்போது என்றேன். பலகைப் பக்கம் போனார். வேண்டாம், எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். புதியதை வாங்கியிருந்த இடங்களுக்கு நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள் என்று சொன்னேன். பழையவர்களை மாற்றும் வேலை இன்னும் தொடங்கவில்லை, அதற்கு லின்டாவின் கடிதம் போகவேண்டும்.

ரோஸ்லினுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. புதியதுக்கு மாறும்போது குசினிப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கவேண்டும், அது அவள்தான். பின்னேரம் ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அடுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். படிக்கிற காலத்தில் வேறொரு இல்லத்தில் தட்டுக் கொண்டுபோகிற வேலை செய்திருக்கிறாள். அங்கே கையால் எழுதின அட்டை. ஒரு நாள் ஒரு அம்மாவின் தட்டிலிருந்து அட்டை விழுந்துவிட்டது. அவவுக்குச் சாதாரணத் தேநீர் போனது. நெஞ்சில் சளி கட்டி, அந்தக் கிழமை முடிவதற்குள் அவ போய்விட்டா.

"யாரும் என்னைக் குத்தம் சொல்லலை அக்கா. அட்டை விழுந்தது எனக்குத் தெரியாது. ஆனா அந்தத் தட்டைக் கொண்டுபோய் வெச்சது நான்தான். டீ சூடா இருக்குன்னு ஊதிக் குடுத்ததும் நான்தான்." வண்டியில் சரிந்திருந்த ஒரு அட்டையை நேராக வைத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலையை விட்டுப் போன்னு சொன்னா போயிடுறேன்."

வேலையை விட்டால் அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. அவள் போனால் வேறு ஒருவர் வந்து கையெழுத்து வைப்பார், அதுவும் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை, முடிவெடுக்கிற கூட்டம். தட்டுக்கு ஓய்வா இல்லையா என்று அங்கேதான் பேசுவதாக இருந்தது. அதற்குச் சொல்லவேண்டியதை எல்லாம் எழுதி ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக லின்டா என் மேசைக்கு வந்தாள். வேலை பிசகாத பெண், ஒரு எழுத்துப் பிழையோடு எதையும் வெளியே விடமாட்டாள். கேக்கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டுமாம். தட்டின் கேக்கில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று போடுவது என்று கேட்டாள். மென்பொருளின் பொறுப்பாளர்தான் அதை எழுதிக் கொடுக்கவேண்டும். தட்டுக்குப் பொறுப்பாளர் நான்.

கூட்டமே இன்னும் நடக்கவில்லை, கேக் பேச்சு வந்துவிட்டது. நான் எழுந்து நின்று கேட்டதும், அவர்கள் சுவரில் படம் கீறியதும், கிரேம் பலகையில் அடிக்கோடு போட்டதும் எல்லாம் கேக் முடிவான பிறகு நடந்த நாடகம். என்னைப் போல ஒரு விசரி உலகத்தில் இருப்பாளா?

வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

அதில் ஒரு திட்டமும் இல்லை. அந்த நேரம் லின்டாவை அனுப்பிவிட்டால் போதும் என்று சொன்னது. ஆனால் லின்டா யார்? ஆண்டு தெரியாமல் கேக் சொல்லமாட்டாள். கூட்டம் நடந்தது, ஓய்வென்று முடிவானது, கிரேம் தலையாட்டினார். தேநீருக்கு நாள் வந்தது, கேக் இல்லை. கேக் இல்லாமல் கிரேம் பேசமாட்டார். காலைத் தேநீர் தள்ளிப்போனது. தேநீர் நடக்காமல் மத்தியானக் கடிதம் இல்லை. கடிதம் போகாமல் ஒரு குசினியையும் மாறச் சொல்ல முடியாது.

இரண்டு கிழமை கழித்து லின்டா திரும்பக் கேட்டாள். தட்டு தொடங்கிய ஆண்டு என்று எதை எடுப்பது, எழுதத் தொடங்கியதையா, முதல் குசினியில் பொருத்தியதையா என்று அவளிடமே கேட்டேன். அதுவும் சரிதான் என்று யோசித்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒருமுறை மின்தூக்கியில் கிரேம் அகப்பட்டார். கேக் விஷயம் என்ன ஆயிற்று, கரட் பிடிக்காதா, வேறு ஏதாவது வைக்கலாமா என்று அக்கறையாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டினார். எனக்கு முதன்முதலாக அந்தத் தலையாட்டல் பிடித்தது.

நியாயம் எடுபடவில்லை. உயிர் போகிற விஷயம் எடுபடவில்லை. ஐசிங்கில் எழுத ஒரு ஆண்டு இல்லாமல் போனதுதான் எடுபட்டது. ஒரு நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன், கோபிக்கவேண்டாம்.

ஆனால் தட்டு முழுவதாகத் தப்பியது என்றும் சொல்ல முடியாது. கூட்டம் முடிந்த கையோடு உதவிப் பகுதியின் கணினியிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டார்கள். யாராவது தட்டைப் பற்றிக் கூப்பிட்டால் பதிவதற்கு இடம் இல்லை. ஆகவே படத்தில் மறுபடியும் அழைப்பு இல்லை. சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை. குசினிகளில் மட்டும் காலை, மத்தியானம், இரவு என்று அட்டை அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்தில் எங்கள் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. அவர்களிடம் சொந்தமாக ஒரு குசினி மென்பொருள் இருந்தது. அதனால் எங்கள் புதியது, அந்த நிறமும் படமும் உள்ளது, ஓய்வுக்குப் போனது. அடுத்த பதிப்பு கடைசிவரை வரவில்லை. அதற்கு எல்லா மரியாதையோடும் காலைத் தேநீர் வைத்தார்கள். தட்டுக்குப் பதிலாக வந்ததுக்குத் தட்டுக்கு முன்னமே அந்தியேட்டி. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். புதிதாக வந்தவர்களின் படத்தில் தட்டின் பெயரே இல்லை, அதனால் அதை நிறுத்தவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

இரண்டாயிரத்து எட்டில் நான் வேலையை விட்டேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை, எனக்குப் போதும் என்று இருந்தது. ஒரு வாரம் முன்னதாக லின்டா என் மேசைக்கு வந்து நின்றாள். என் கேக்குக்கு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேட்டாள்.

"பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

இந்த முறை லின்டா விழுந்து விழுந்து சிரித்தாள். கேக் வந்தது. கரட் கேக்தான். மேலே 'பத்மா 1989', பிறகு ஒரு கோடு, பிறகு ஒன்றும் இல்லை. கடைக்காரர் வெறுமையாகவே விட்டிருந்தார். கிரேம் இரண்டு நிமிடம் பேசினார். இத்தனை வருடத்தில் பத்மாவைப் பற்றி ஒரு முறைப்பாடும் வந்ததில்லை என்றார். அப்படியானால் எனக்கு எதிரேயும் சிவப்புத்தான் என்று நினைத்துக்கொண்டு கைகொடுத்தேன். மிச்சக் கேக்கை லின்டா பெட்டியில் போட்டுத் தந்தாள்.

அடுத்த கிழமை, மத்தியானம், வீட்டில் அந்தக் கேக்கில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு இருக்கிறேன், தொலைபேசி அடித்தது. ரோஸ்லின். இத்தனை வருடத்தில் நான் கேட்டதற்காக நத்தார்ப் பூவுக்குக் கூப்பிட்டதைத் தவிர, தட்டுக்காக அவள் கூப்பிட்டதே இல்லை. குரல் பதறியது.

"அக்கா, ஒரு கார்டு வரமாட்டேங்குது. இப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த தாத்தா. மத்த தட்டு எல்லாம் போயாச்சு, இவருக்கு மட்டும் போகலைன்னு மாடியில நர்ஸ் கத்துறாங்க. கார்டு இல்லாட்டி பரவாயில்லை, அனுப்புன்னு சொல்றாங்க. டீ ஊத்தி வெச்சிட்டேன். என்ன பண்றது?"

திரையில் தடிப்பு என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது, எனக்குக் குரலில் தெரிந்தது. தட்டை வண்டியில் வைக்காதே, ஆஸ்பத்திரிக்கே போன் எடுத்துக் கேட்கும்படி அந்த நர்ஸிடம் சொல் என்றேன். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். நான் காதில் வைத்தபடி இருந்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், வண்டிச் சில்லின் சத்தம் எல்லாம் கேட்டது.

திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஆகக் கூடின தடிப்பு குடுக்கணுமாம் அக்கா. ஆஸ்பத்திரி பேப்பர்ல ஒரு பக்கம் வராம போயிருக்கு." கழுவுகிற தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "டீயைக் கொட்டிட்டேன்" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். அந்தத் தாத்தாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முன்னறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"வேலையைத்தான் விட்டாச்சே, இன்னும் ஆர் உமக்கு போன் எடுக்கினம்?"

"ரோஸ்லின். தட்டு ஒரு கார்ட்டை அடிக்க மாட்டனெண்டு நிண்டதாம்."

"அப்ப பழுதாப் போச்சோ?"

"இல்லையப்பா" என்றேன். "வேலை செய்யுது."